ஸ்டோருக்குப் போன தையல் மெஷின்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் தம்முடைய தையல் மெஷினுக்கு மின்சார மோட்டார் பூட்டியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம். நான் அவருக்குக் கீழே இரண்டாம் கிளாக்கர். மோட்டார் வந்த வாரமே மிதிபலகையைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டார். காலை ஆட்டித் தைப்பது லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலியாட்களுக்கான வேலை என்பது அவர் கருத்து. அவருக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர் மனைவி. அதை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டார்.

அந்த ஜூலையில் பாதிரியார் வருவதாக இருந்தது. எங்கள் தோட்டத்துக்கு வருடத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். முதன்முதலாக நற்கருணை வாங்கும் பெண்பிள்ளைகள் ஆறு பேருக்கும் வெள்ளைக் கவுன் வேண்டும். ஆறையும் தாமே மின்சாரத்தில் தைத்துத் தருவதாகப் பெரிய கிளாக்கர், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் அறிவித்து, துணிகளை வாங்கி வைத்துக்கொண்டார். கூலி கேட்கவில்லை. பாதிரியார் காதில் விழுந்தால் போதும்.

ஐந்து கவுன்கள் முடிந்த நிலையில், வியாழக்கிழமை, மண்சரிந்து ஓடைக் கால்வாய் அடைபட்டது. (வெள்ளி என்று வேறோரிடத்தில் எழுதியிருக்கிறேன்; நாட்குறிப்பின்படி வியாழன்தான்.) எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மின்சாரம் தந்தது அந்தத் தண்ணீர். விளக்கோடு மோட்டாரும் நின்றது.

மிஞ்சியது, கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் மகளுடைய கவுன். அந்தப் பிள்ளை போன வருடமே நற்கருணை வாங்க வேண்டியவள். அம்மை போட்டுத் தவறிப்போயிற்று. கவுன் இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம். சனிக்கிழமை மத்தியானம் தாய் வந்து படிக்குக் கீழே நின்றாள். மெஷினின் கைச்சக்கரத்தைக் காட்டி, "இதக் கையால சுத்துனா ஓடாதுங்களா ஐயா?" என்றாள்.

"கையால சுத்தவா நான் மோட்டார் வாங்குனேன்?" என்றார் அவர்.

தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே எண்ணெய் இஞ்சினும் அதனோடு ஒரு ஜெனரேட்டரும் இருந்தன. மெஷினை என் தோளில் ஏற்றினார், குடை அவருக்கு. துணியை மார்போடு அணைத்துக்கொண்டு தாய் பின்னால் வந்தாள். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர், வேடிக்கை பார்க்கும் ஆசையில் உடனே சம்மதித்தார். தேயிலைத் தூசி பறக்கும் இடத்தில் வெள்ளைத் துணியை விரிக்கிறோமே என்று இரண்டு பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. கொழுந்தை உருட்டும் ரோலர்கள் நின்றால் சுமை குறைந்து இஞ்சின் சட்டென்று வேகமெடுக்கும், மின்சாரமும் கூடும் என்று ஒரு கையேட்டில் படித்திருந்தேன். சொல்லவில்லை. இரண்டாம் கிளாக்கர் சொல்லி அவர் கேட்டதாக என் நாட்குறிப்பில் ஒரு நாள்கூட இல்லை.

ரோலர்கள் நின்றன. விளக்குகள் பளீரென்றன. ஊசி வெறிபிடித்ததுபோல் இறங்க, விசையை விட வேண்டிய மனிதர் பயத்தில் அதை இன்னும் அழுத்தினார். கவுனின் கை இடுப்போடு சேர்ந்து தைபட்டுப் போயிற்று.

"துணி மட்டம்," என்றார்.

"ஆமாங்க, துணிதான் ஓடிருச்சு," என்றார் டீமேக்கர். இருவரும் தேநீர் குடிக்கப் போனார்கள்.

நான் மோட்டாரின் வாரைக் கழற்றினேன். அந்தப் பெண் கொண்டை ஊசியால் தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிறகு வலது கையால் சக்கரத்தைச் சுற்றி, இடது கையால் துணியை நகர்த்தி, வெளிச்சம் குறைவதற்குள் முடித்துவிட்டாள். நான் துணி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் பங்கு அவ்வளவுதான். தூசியைத் தட்டத் தட்ட அது துணியில் இன்னும் அப்பியது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். ஆறாவது கவுன் விளிம்பில் வெளிறிய பழுப்பு. பூசை முடிந்ததும் பெரிய கிளாக்கர் வேறெதையும் விட்டு அந்தக் கவுனையே பாதிரியாருக்குக் காட்டினார்.

"இது ஸ்டோர் மின்சாரத்துல தைச்சது, சாமி. வேற எந்தத் தோட்டத்துலயும் செஞ்சிருக்க மாட்டாங்க."

பாதிரியார் வியந்து அவர் கையைக் குலுக்கினார். நான் அருகிலேயே நின்று, மரியாதையாகத் தலையாட்டினேன். அந்தத் தாய் மகளைக் கூட்டிக்கொண்டு என்னைக் கடக்கும்போது, வலது தோளைப் பிடித்துவிட்டபடி மெல்லச் சொன்னாள்:

"கரண்டுக்குக் கையெல்லாம் வலிக்குதுங்க ஐயா."