தூதி சொல்கிறாளா?

"ஆட்டுத்தோல் மாதிரிகள் வந்து சேர்ந்தன, நன்றி. நீ சேற்றில் மூழ்கி இறந்துவிட்டாய், வருந்துகிறேன்."

இங்கிலாந்திலிருந்து ஒரு மதியம் டெலக்ஸில் இப்படி வந்தது. ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அதைப் படித்த ஜெயபுஷ்பத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. செத்துப்போனதற்காக இல்லை. மேனேஜர் வருவதற்குள் இரண்டாவது வரியை மட்டும் கிழித்தெடுக்க வேண்டுமே என்றுதான்.

அது 1984. ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலை பார்த்துவிட்டு, பிறகு எங்கெங்கோ சுற்றிவிட்டு, குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் தறிச் சத்தத்தில் ஒரு மாதம்கூடத் தங்க முடியாமல் நான் ஆம்பூரில் அறை எடுத்திருந்தேன். ஜெயபுஷ்பம் பக்கத்து வீடு. அவள் அப்பா ஆபேல் ரயில்வே வேலையில் இருக்கும்போதே இறந்தவர். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, மெட்ராஸில் டெலக்ஸ் பழகி வந்தவள் அவள். ஊரில் டெலக்ஸ் இருந்த கம்பெனிகளே குறைவு. அதில் ஒரு பெண்ணை உட்கார வைத்த கம்பெனி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. டிசம்பரில் ஆகும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பயந்த சுபாவம். காலையில் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, மசூதித் திருப்பம் வரை நடந்து, திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். "தொங்குதுல்ல?" என்று என்னையும் கேட்பாள். நான் தொங்குகிறது என்றாலும் தானே தொட்டுப் பார்த்தால்தான் போவாள்.

இப்படிப்பட்டவள்தான் கம்பெனி இயந்திரத்தில் ஆட்டம் ஆடினாள்.

ஆரம்பித்தவர் நெவில். எங்கள் ஊர்த் தோலை வாங்கும் இங்கிலாந்துக் கம்பெனியின் ஆபரேட்டர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, குரல் கேட்டதும் இல்லை. இங்கே அடிக்கும் எழுத்து அங்கே விழும், அங்கே அடிப்பது இங்கே விழும், அவ்வளவுதான். வியாபாரச் செய்தி முடிந்ததும் ஆபரேட்டர்கள் மழையா, வெயிலா என்று ஒரு வரி பேசிக்கொள்வது வழக்கம். நெவில் அந்த ஒரு வரியில் ஒரு கற்பனை நாட்டையே வைத்திருந்தார். மலை, காடு, கோட்டை எல்லாம் உண்டு. லிஸ்பனிலும் ஹாம்பர்க்கிலும் இருந்த ஆபரேட்டர்கள் அந்த நாட்டில் ஆளுக்கொரு வேஷம் கட்டியிருந்தார்கள். "கதவு மூடியிருக்கிறது. என்ன செய்கிறாய்?" என்று நெவில் கேட்பார். இவர்கள் பதில் அடிப்பார்கள். அவர் மேசையில் பகடை உருட்டி, என்ன ஆயிற்று என்று மறுநாள் சொல்வார்.

ஜெர்மனியில் நர்சுகள் குடியிருப்பில் இந்த மாதிரி ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் செத்துப்போன அன்று சாயங்காலம் என்னிடம் வந்தாள்.

"வேணி, அவரு கிளாஸ் கிளாஸ்ன்றாரு. கிளாஸ்னா இன்னாடி? ரயில்ல ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ் மாதிரியா?"

"இல்ல. அங்க நீ இன்னா மாதிரி ஆளுன்றது. சண்டைக்காரியா, வைத்தியக்காரியா, மந்திரவாதியா. அத வெச்சுத்தான் உன்னால இன்னா முடியும், இன்னா முடியாதுன்னு வரும். நீ இன்னாவா போன?"

"வாளு சுத்தறவளா."

"ஏன்?"

"லிஸ்பன்காரன் வாளு. ஹாம்பர்க்காரன் வாளு. நானும் வாளுன்னு போட்டுட்டேன்."

புதிதாக வருகிற எல்லாரும் செய்யும் தவறு இது. ஏற்கெனவே இரண்டு வாள் இருக்கும் கூட்டத்துக்கு மூன்றாவது வாள் எதற்கு? மறுநாள் நெவிலும் ஏறக்குறைய இதையே அடித்திருந்தார். இருக்கிற வேஷம் எதுவும் பிடிக்காவிட்டால் நீயே ஒன்றைக் கட்டிக்கொள், நான் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். எப்படிக் கட்டுவது என்று நாளுக்கொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தார். அவள் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து என்னிடம் ஒப்பிப்பாள்.

அங்கே போய்ப் புதிதாக ஒருத்தியாகிவிடலாம் என்று நினைக்காதே, பகல் முழுக்க உன் கை என்ன செய்கிறதோ அதிலிருந்து தொடங்கு. வேறு யாருக்கும் இல்லாத ஒரு சக்தியைக் கொடு. ஒன்றுதான். நாலு கொடுத்தால் நாலும் வளராது. பலம் வாங்க நான் கொடுக்கும் புள்ளிகளை முதல் நாளே செலவழித்துவிடாதே, உனக்கு என்ன குறை என்பது உனக்கு இன்னும் தெரியாது. கடைசியாக ஒன்று: அந்தச் சக்திக்கு ஒரு விலை வை. அந்த விலை உனக்கு வலிக்க வேண்டும். வலிக்காத விலை வைத்தால் நான் ஏற்க மாட்டேன்.

"என் கை இன்னா செய்யுது? யாரோ சொல்றத அடிக்குது" என்றாள் ஜெயபுஷ்பம், சலித்துக்கொண்டு.

"அதையே வெச்சுக்கயேன்."

ஒரு வாரம் யோசித்துக் கட்டினாள். தூதி. அவர்கள் மொழியில் ஹெரால்ட். கூட்டத்துக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்பவள். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் பகடை உருட்டாமல், யோசிக்காமல் நடக்கலாம். அது சக்தி. தான் பார்க்காததைச் சொல்லக் கூடாது. வாய் மூடி இருக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரே ஒரு பொய் சொன்னாலும் ஊமையாகிவிடுவாள், அப்புறம் ஆட்டத்தில் அவளுக்கு இடம் கிடையாது. அது விலை.

"விலை ஜாஸ்தி வெச்சுட்டியே" என்றேன்.

"வலிக்கணும்னாரே."

பூட்டை இழுத்துப் பார்க்கிறவளுக்கு அந்த வேஷம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஒரு பாலத்தைப் பற்றிச் சொல்ல நாலு நாள் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பலகையாக மிதித்துப் பார்த்தாளாம். ஹாம்பர்க்காரர் பொறுமை இழந்து திட்டினார். ஐந்தாம் நாள் "பாலம் தாங்கும், தூதி சொல்கிறாள்" என்று அடித்தாள். எல்லாரும் கடந்தார்கள். அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஒருமுறை நெவில் தன் அப்பாவைப் பற்றி அடித்திருந்தார். நெவிலின் கம்பெனி தோல் கொடுக்கும் செருப்புத் தொழிற்சாலையில் தோல் வெட்டும் வேலை செய்பவர். ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து சரக்கு ஏறிவிட்டது என்று பொய்ச் செய்தி வந்ததாம். அதை நம்பி ஆட்களை வரச்சொல்லி, தோல் வராமல், கூலி இல்லாமல் திருப்பி அனுப்பினார்களாம். "அதனால்தான் உன் தூதியை எனக்குப் பிடிக்கிறது" என்று முடித்திருந்தார்.

நவம்பரில் மழை பிடித்தது. விடவே இல்லை.

டெலக்ஸ் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிரே தோல் உலர்த்தும் கொட்டகை தெரியும். பதப்படுத்திய தோல்கள் அங்கே கம்பிகளில் வரிசையாகத் தொங்கின. அவை காய்ந்தால்தான் மேற்பூச்சு, அளவு, கட்டு, மெட்ராஸுக்கு லாரி. ஒன்றும் காயவில்லை. இங்கிலாந்துக்குச் சொன்ன தேதி தாண்டிக்கொண்டிருந்தது. முதலாளி மெட்ராஸிலிருந்து டிரங்க் காலில் கத்துவார். மேனேஜர் முனீர் அகமது போனை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாத்திரை போடுவார். கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம்.

ஒரு மதியம் இயந்திரத்தின் மணி அடித்தது. நெவிலின் முதலாளி கேட்கிறார்: சரக்கு கப்பலில் ஏறியதா?

முனீர் அகமது அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அடிம்மா. ஏறிடுச்சு. செவ்வாய்க்கிழமை ஏறிடுச்சு."

ஜெயபுஷ்பம் ஜன்னலைப் பார்த்தாள். "சார், தோலு இன்னும்..."

"எனக்குக் கண்ணு இல்லியா? இன்னைக்கு ஊர்ல எல்லாரும் இதத்தான் அடிக்கறான். ரெண்டு நாள் வெயில் அடிச்சா ஏத்திடலாம். கப்பல் லேட்டுன்னு அப்பறமா சொல்லிக்கலாம். லைனுக்குக் காசு ஓடுது பாரு, அடி."

அடித்தாள். 

 பிறகு நெவில் 'நீ யார்' விசையை அழுத்தினார். அதை அழுத்தினால் எதிர்ப்பக்க இயந்திரம் தானாகவே தன் பெயரைச் சொல்லிவிடும். இவள் இயந்திரம் கம்பெனியின் பெயரை அடித்துக் காட்டியது. அதன் கீழே நெவிலின் வரி விழுந்தது:

"கம்பெனி தெரிகிறது. தூதி சொல்கிறாளா?"

முனீர் அகமது குனிந்து எழுத்துக் கூட்டினார். "ஹெரால்டா? இன்னா இது, பேப்பர்காரனா?"

ஆம் என்று அடித்தால் தூதி ஊமை, இல்லை என்று அடித்தால் வேலை போயிற்று. வாய் மூடி இருக்கலாம் என்பது விதி. ஆனால் பின்னால் மேனேஜர் நிற்கிறார்.

"யாரு சொல்றாங்கன்னு கேக்கறாரு சார்."

"யாரு சொன்னா அவனுக்கு இன்னா? பேஜார் புடிச்சவன். மேனேஜர் சொல்றார்னு போடு."

போட்டாள். "மேனேஜர் சொல்கிறார்."

"புரிந்தது" என்று வந்தது. லைன் துண்டிக்கப்பட்டுவிட்டது.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் குரல் கொடுத்தார். போய்ப் பார்த்தேன்.

"கம்பெனியக் காட்டிக் குடுத்துட்டேன்டி."

"அவரு சொன்னத அப்படியேதான அடிச்ச?"

"அது அவரு நெனைக்கறது. நான் இன்னா சொன்னேன்னு எனக்கும் நெவிலுக்கும் தெரியும்ல? அவரு முதலாளிகிட்ட சொன்னா எனக்கு வேல போச்சு. சொல்லலன்னா அங்க ஆளுங்க வந்துட்டு கூலி இல்லாம திரும்பிப் போவாங்க. நான் எதுக்குடி வேண்டிக்கறது?"

ஒரு வாயாவது சாப்பிடு என்று தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

மறுநாள் மதியம் வந்தது. "திங்கட்கிழமை செருப்புத் தொழிற்சாலைக்குத் தோல் வெட்டும் ஆட்களைக் கூப்பிடுவதா என்று இன்றே முடிவு செய்ய வேண்டும். கப்பலின் பெயர் என்ன?"

முனீர் அகமதுவிடம் கப்பல் இல்லை. அவர் டெலக்ஸ் அறையின் கதவைச் சாத்தினார்.

"நேத்து வரைக்கும் கப்பல் பேரக் கேக்காதவன் இன்னைக்குக் கேக்கறான். அந்த ஹெரால்ட் இன்னாம்மா? உண்மையச் சொல்லு."

சொல்லாமல் இருந்திருக்கலாம். டெலக்ஸ் ஆபரேட்டர்கள் பாஷை சார் என்றால் நம்பியிருப்பார். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வாள், சேறு, பாலம், பொய் சொன்னால் ஊமை, எல்லாம்.

"கம்பெனி மெஷின்ல ஆட்டமா?" அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "உன்ன இங்க உக்கார வெச்சதுக்கு முதலாளிகிட்ட நான் எவ்ளோ பேச்சு வாங்கனேன் தெரியுமா?"

அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போகச் சொல்வார் என்று காத்திருந்தாள்.

இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் லைனைத் துண்டிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"அந்த ஹெரால்ட் பொண்ணு சொன்னா நம்புவானா?" என்று கேட்டார் முனீர் அகமது.

"நம்புவாரு சார். இதுவரைக்கும் பொய் சொல்லல."

"அப்ப சொல்லச் சொல்லு. தோலு இங்கதான் கீது, ஒரு வாரத்துல அனுப்பிடுவோம்னு."

"முடியாது சார்."

"இன்னா முடியாது?"

"ஒரு வாரம்னு எனக்குத் தெரியாது. பாக்காதத சொல்லக் கூடாது."

அவர் மேலே பார்த்தார். "யா அல்லா, நான் ஒரு ஆபரேட்டர்தான கேட்டேன்." பிறகு மூலையில் இருந்த தன் குடையை எடுத்து அவளிடம் நீட்டினார். "போ. போய்ப் பாத்துட்டு வா. வேலையப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்."

அத்தனை நாள் ஜன்னல் வழியே பார்த்த கொட்டகைக்குள் ஜெயபுஷ்பம் அன்றுதான் முதல்முறையாகப் போனாள். ஒரு தோலைத் தொட்டாள். அடுத்ததை. வரிசைக் கடைசிவரை நடந்து ஒவ்வொரு கம்பியிலும் தொட்டாள். கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் வாஹித் பாஷா பீடியைக் காதில் சொருகிக்கொண்டு வந்தார்.

"இன்னா மேடம், தோல் வாங்க வந்தீங்களா?"

"எப்போ காயும் பாய்?"

"வெயில் வந்தா காயும்."

"ஒரு வாரத்துல காயுமா?"

"வராத வெயிலுக்கு நான் ஜாமீன் போட முடியுமா? வந்தப்பறம் கேளுங்க, சொல்றேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். கையைத் துடைக்கக்கூட இல்லை. அடித்தாள்:

"தோல் கப்பலில் இல்லை. கொட்டகையில் இருக்கிறது. கையால் தொட்டேன், ஈரம். மழை பெய்கிறது. எப்போது காயும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. தூதி சொல்கிறாள்."

பின்னால் முனீர் அகமது மாத்திரையைக் கடிக்கும் சத்தம் கேட்டது. பதில் வருவதற்கு நெடுநேரம் ஆனது. மேனேஜர் போய்விட்டார் என்று நினைத்துத் திரும்பினாள். நின்றுகொண்டுதான் இருந்தார்.

"திங்கட்கிழமை ஆட்களைக் கூப்பிடவில்லை. முதலாளி கோபமாக இருக்கிறார். ஆனால் ஆர்டர் இருக்கிறது. காய்ந்ததும் தூதி சொல்லட்டும், வேறு யாரும் சொல்ல வேண்டாம்."

முனீர் அகமது அந்தக் காகிதத்தைக் கிழித்து, மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தன் அறைக்குப் போனார்.

டிசம்பரில் அவளை நிரந்தரமாக்கவில்லை. ஜனவரியிலும் இல்லை. ஒவ்வொரு மாதமும் கைப்பையில் சொந்தச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனாள். மார்ச்சில் வேலை நிரந்தர ஆர்டரைக் கையில் கொடுத்தபோது முனீர் அகமது சிரிக்கவில்லை. "ஆட்டம் எல்லாம் வேலை முடிஞ்சப்பறம்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு இங்கிலாந்துக்குத் தேதி சொல்லும்போதெல்லாம் அவர் அவள் பின்னால் வந்து நின்று கேட்பார். "இது நான் சொல்றதா, அந்தப் பொண்ணு சொல்றதா?"

"இருங்க சார், பாத்துட்டு வர்றேன்" என்று ஜெயபுஷ்பம் எழுந்து கொட்டகைக்குப் போவாள். பாதி வழியில் திரும்பி வந்து, லைன் அறுந்துவிடவில்லையே என்று இயந்திரத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் போவாள்.