கோதண்டபாணியின் ஏசி கேபின்

ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற ஷூ கம்பெனியில் கோதண்டபாணிக்கு என்ன வேலை என்று கேட்டால் யாரும் சட்டென்று சொல்ல மாட்டார்கள். அட்மின் என்பார்கள். அட்மின் என்றால் என்ன என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அவர் குடியாத்தத்துக்காரர். அப்பா லுங்கி நெய்தவர். அதைச் சொல்ல அவருக்கு வாய் வராது. "எங்களுது டெக்ஸ்டைல் ஃபேமிலி" என்பார். கம்பெனியில் சேர்ந்தபோது பேக்கிங்கில் அட்டை டப்பா மடித்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் முதன்முறை ஆடிட்டுக்கு வந்தபோதுதான் அவருக்கு யோகம் அடித்தது. பெண்கள் பக்கத்துக் கழிப்பறைகளில் ஒன்றை மட்டும் தேய்த்துக் கழுவி, ஊதுபத்தி ஏற்றி, மிச்சத்தையெல்லாம் பூட்டி "ரிப்பேர்" என்று எழுதி ஒட்டினார். வந்தவர்களுக்குத் திருப்தி. முதலாளி இஷ்தியாக் அகமதுக்கு அதைவிடத் திருப்தி.

அன்றிலிருந்து ஆடிட் என்றால் கோதண்டபாணி. ஆடிட் அன்று காலையில் பசை ஒட்டுகிற பெண்களுக்கு முகக்கவசம் கொடுப்பார், மாலையில் எண்ணி வாங்கிக்கொள்வார். முதலுதவிப் பெட்டியில் மருந்து வைப்பார், கார் கேட்டைத் தாண்டியதும் எடுத்துப் பூட்டிவிடுவார். குழந்தைகள் காப்பகம் என்று ஓர் அறைக்குப் பெயர் இருந்தது. ஆடிட் நாளில் அங்கே தொட்டில் கட்டி, யார் வீட்டுக் குழந்தையையோ கொண்டுவந்து தூங்கப்போடுவார். ஒருமுறை அந்தக் குழந்தை விழித்துக்கொண்டு கத்தியபோது, "ஹேப்பி சார், ஹேப்பி" என்று வெள்ளைக்காரரிடம் சொன்னவர் அவர்.

இந்தச் சேவைக்கெல்லாம் கிடைத்ததுதான் கேபின். மெயின் கேட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவும் ஏசியும் யாரும் உட்காராத சோபாவும் வைத்த அறை. லீவு கேட்டுப் போகிறவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டும். கதவைக் கொஞ்சம் திறந்தாலும், "மூடு, மூடு, காத்து வெளிய போவுது" என்று கத்துவார். உள்ளே இருந்த குளிர்காற்றைத் தன் சொந்தச் சம்பாத்தியம் என்று நினைத்தார் மனுஷன். வீட்டில் அவருக்கு மின்விசிறிதான். ஞாயிற்றுக்கிழமைகூட ஏதாவது சாக்குச் சொல்லி கேபினுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்.

அந்தக் கேபினுக்குத்தான் ஆபத்து வந்தது.

கம்பெனிக்கு ராணிப்பேட்டையிலும் வாலாஜாவிலும் யூனிட் உண்டு. எல்லா இடத்து டிசைன், ஆர்டர், கேமரா படம் அத்தனையும் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஷூ வாங்குகிறவர்கள் கேட்டுவிட்டார்கள். பீரோ உயரத்துக்கு இரும்பு ரேக்குகள், அதில் தட்டுத் தட்டாகக் கம்ப்யூட்டர் மெஷின்கள், எல்லாம் ஸ்டோரேஜ். அதை வைப்பதற்கு அறை தயார் செய்ய வேண்டும். இடம் பார்க்கச் சென்னையிலிருந்து ஹரிஹரன் என்ற இளம் இன்ஜினியர் வந்தார். கம்பெனி முழுக்கச் சுற்றிவிட்டுக் கேபின் வாசலில் வந்து நின்றார்.

"இந்த ரூம்தான் சார் பெஸ்ட். மேல தண்ணி பைப் இல்ல, கரண்ட் பேனல் பக்கத்துல இருக்கு, தரையும் நல்லா வெயிட் தாங்கும்."

கோதண்டபாணிக்கு முகம் செத்துவிட்டது. அன்று மாலையே முதலாளியிடம் போய் நின்றார்.

"சார், அந்த மூலை வாஸ்துப்படி..."

"எனக்கு இன்னாத்துக்கு வாஸ்து?" என்றார் இஷ்தியாக் அகமது.

"இல்ல சார், ரோட்டுப் பக்கம். திருட்டு பயம். அவ்ளோ விலையுள்ள மெஷின். பின்னாடி லாஸ்ட் ரூம் இருக்குது, சும்மாதான் கெடக்குது. நான் ரெடி பண்ணித் தர்றேன். என் பொறுப்பு."

முதலாளிக்கு வேறு வேலை இருந்தது. சரி என்றுவிட்டார்.

லாஸ்ட் ரூம் என்பது, ஷூ தைக்க உள்ளே வைக்கிற பிளாஸ்டிக் கால் அச்சுகளில் பழசானதைக் கொட்டிவைத்த அறை. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தோல் ஷாப்பு, பச்சைத் தோலைப் பதனிடுகிற இடம். சுவரடியில் அதன் கழிவுநீர்க் கால்வாய் போகிறது. வெளியூர்க்காரர்கள் அந்த இடத்தில் மூச்சை அடக்குவார்கள். கோதண்டபாணி அங்கேதான் பெண்களை நிறுத்தி அச்சுகளை வாரச் சொன்னார். சுவருக்கு வெள்ளை அடித்தார். தரைக்கு மேல் இன்னொரு தரை போடவைத்தார், அடியில் ஒயர் போக. நெருப்புப் பிடிக்காத இரும்புக் கதவு வந்தது. மின்கசிவை மண்ணுக்குள் இறக்க வெளியே எர்த் குழி வெட்டினார்கள். அதில் கரியும் உப்பும் கொட்டும்போது மட்டும் கோதண்டபாணி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

"மோப்பம் புடிச்சீங்களா சார்? ஷாப்பு நாத்தம் ஜாஸ்தியா இருக்குதே, மெஷினுக்கு ஆவுமா?" என்று எலெக்ட்ரீஷியன் வாஹித் பாஷா கேட்டார்.

"மெஷினுக்கு மூக்கு இருக்குதா பாய்? வேலயப் பாரு."

ஹரிஹரன் மறுபடி வந்தபோது கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். "இங்க ஒரு டெஸ்ட் பண்ணணும் சார்" என்று பையிலிருந்து உள்ளங்கை அளவு தகடு ஒன்றை எடுத்தார். அதில் செம்புத் துண்டு ஒன்றும் வெள்ளித் துண்டு ஒன்றும் பதித்திருந்தது. அதை அறை நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். "ஒரு மாசம் இப்படியே இருக்கட்டும். காத்துல மெஷின அரிக்கற கேஸ் இருந்தா இது காட்டிக் குடுத்துரும். லேப்ல செக் பண்ணுவாங்க. யாரும் தொடக் கூடாது."

ஹரிஹரன் பேசிய அத்தனைக்கும் கோதண்டபாணி தலையாட்டினார். காதில் விழுந்தது "செக் பண்ணுவாங்க" என்கிற ஒன்றுதான். இன்ஜினியர் போனதும், "தொடாதே, மீறினால் நடவடிக்கை" என்று கதவில் எழுதி ஒட்டினார்.

மாதம் முடிகிற சமயத்தில் உள்ளே போய்ப் பார்த்தார். செம்பு கறுத்துக் கிடந்தது. வெள்ளி அதைவிட மோசம். தன் பொறுப்பில் உள்ள அறை, நாளை செக் பண்ண வருகிறார்கள், சாமான் இவ்வளவு அழுக்காக இருக்கிறதே! அவர் வாழ்நாளில் செக்கிங் என்பதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. வருகிறவன் பார்க்கும்போது பளபளவென்று இருக்க வேண்டும். அந்தத் தகடு எதற்காகத் தொங்குகிறது என்ற யோசனை அவருக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலையில் ஒரு டிபன் டப்பாவோடு வந்து, கூட்டிப் பெருக்குகிற பூங்குழலியைக் கூப்பிட்டார்.

"இன்னா பூங்குழலி, ரூம நீதான கூட்டுற? இதப் பாரு எப்படி இருக்குது. பேஜாரா இல்ல?"

"தொடக் கூடாதுன்னு நீங்கதான சார் எழுதி ஒட்டிகிறீங்க?"

"அது மத்தவங்களுக்கு. இந்தா புளி. செம்ப இதுல தேய். வெள்ளிய விபூதி போட்டுத் தேய். வெளக்கு மாதிரி இருக்கணும்."

பூங்குழலி தேய்த்தாள். விளக்கு மாதிரியே இருந்தது. சாயங்காலம் ஹரிஹரன் வந்து தகட்டைப் பார்த்துவிட்டு, புருவத்தைச் சுருக்கி, கவரில் போட்டு எடுத்துப் போனார். "எப்படி சார் நம்ம மெயின்டனன்ஸ்?" என்று கேட்டுக்கொண்டே கார் வரைக்கும் போனார் கோதண்டபாணி.

லேபிலிருந்து பதில் வந்ததும் ஹரிஹரன் முதலாளிக்கே போன் செய்தார். முதலாளி கோதண்டபாணியைக் கூப்பிட்டு எதிரில் நிற்கவைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், தகட்ட யாரோ தேய்ச்சிருக்காங்க. மேல பூரா கீறல். ஓரத்துல சாம்பல் ஒட்டிட்டிருக்குன்னு எழுதியிருக்காங்க. உங்களுக்குப் புரியுதான்னு தெரியல, காத்து நல்லா இருக்கா இல்லையான்னு அந்தக் கறுப்ப வெச்சுத்தான் கண்டுபிடிக்கறது. அதையே தொடச்சிட்டா எப்படி?"

"யாரு தேய்ச்சது?" என்றார் இஷ்தியாக் அகமது.

கோதண்டபாணி கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "ஹவுஸ்கீப்பிங் பொம்பள சார். படிக்காதவ. போர்டு ஒட்டியும் கேக்கல. இன்னைக்கே நிறுத்திர்றேன்."

பூங்குழலி வந்தாள்.

"நீதான் தேய்ச்சியாம்மா?"

"ஆமா சார்."

"எதுல?"

"புளியில சார். விபூதியும் போட்டேன்."

"புளி ஏது இங்க?"

"சார்தான் வீட்லேருந்து கொண்ணாந்தார். டப்பாவ இன்னும் வாங்கிக்கல. கழுவி வெச்சிகிறேன், வேணும்னா எடுத்தாரட்டா?"

போனுக்குள் ஹரிஹரன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். கோதண்டபாணி காலண்டரைப் பார்த்தார். காலண்டரில் பார்க்க ஒன்றும் இல்லை.

முதலாளி திட்டவில்லை. பொறுமையான மனுஷன் என்பதால் அல்ல. அடுத்த ஆடிட்டுக்கு அவருக்கு இந்த ஆள் வேண்டும். போனைப் பார்த்து, "ரெண்டு தகடு கட்டுங்க. ஒண்ணு பின்னாடி ரூம்ல, ஒண்ணு இவர் கேபின்ல. எது கறுக்கலையோ அங்க மெஷின்" என்றார். பூங்குழலியைப் பார்த்து, "நீ போம்மா, வேலயப் பாரு" என்றார். அவள் வேலை தப்பியது.

இந்தத் தடவை தகடுகளைச் சுற்றிக் கம்பி வலை கட்டி சீல் வைத்துவிட்டுப் போனார் ஹரிஹரன். பின்னறைத் தகடு சில நாளிலேயே மங்க ஆரம்பித்தது. கேபினில் தொங்கியது வந்தபடியே மின்னியது.

இப்போது பார்க்க வேண்டுமே கோதண்டபாணியை! எதையும் மின்னவைத்தே பிழைத்தவர், ஒரு தகடு கறுக்காதா என்று ஏங்கினார். ஏசியை அணைத்தார். இத்தனை வருஷம் திறக்காத பின் ஜன்னலை ஆணி பிடுங்கித் திறந்துவைத்தார். கண்ணாடிக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார். சட்டை முதுகோடு ஒட்ட, தோல் ஷாப்பு இருக்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மத்தியானம் யாரும் இல்லாதபோது வலைக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஊதியும் பார்த்தார்.

"இன்னா சார், கதவு தொறந்தே கெடக்குது? காத்து வெளிய போவுதே" என்றார் வாஹித் பாஷா.

"உள்ள வரட்டும்னுதான் பாய்."

"இன்னா வரணும்?"

கோதண்டபாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மாதம் முழுக்கக் காற்று பாலாற்றுப் பக்கமிருந்தே அடித்தது. ஷாப்பு நாற்றம் கேபின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் லீவு கேட்க வந்த பெண்கள் முதன்முறையாக உள்ளே வந்து நின்று பேசினார்கள். கதவு திறந்திருந்ததே. தையல் செக்‌ஷன் வஹீதா சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்று சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

மாதம் முடிந்தது. பின்னறைத் தகடு அடுப்புக்கரி மாதிரி வந்தது. கேபின் தகட்டை ஹரிஹரன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "சூப்பர் சார், நல்லா மெயின்டன் பண்ணியிருக்கீங்க" என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று கோதண்டபாணிக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

சோபாவைத் தூக்கினார்கள். கண்ணாடிக் கதவைக் கழற்றினார்கள். ரேக்குகள் லாரியில் வந்து இறங்கின. மெஷின்களுக்குக் குளிர் போதாது என்று இன்னும் பெரிய ஏசி மாட்டினார்கள். "நான் எங்க சார் உக்கார்றது?" என்று கேட்ட கோதண்டபாணியை முதலாளி நிமிர்ந்து பார்க்கவில்லை. "அதான் பின்னாடி ஒரு ரூம் ரெடி பண்ணிட்டியே. அதுல உக்காரு."

அவமானப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற ஜாதி மனிதர் இல்லை அவர். மறுநாளே தன் பெயர்ப்பலகையை அந்த இரும்புக் கதவில் மாட்டச் சொன்னார். இரண்டு தரை போட்ட அறை கம்பெனியிலேயே தனக்கு மட்டும்தான் என்றார். நெருப்பே வந்தாலும் தன்னை ஒன்றும் செய்யாது என்றார். எர்த் குழியைக்கூட விடவில்லை. இடி விழுந்தாலும் பயமில்லை என்று தில்ஷாத்திடம் சொன்னாராம். செக்யூரிட்டி வேலை பார்க்கும் தில்ஷாத், "இடி தேடி வர அளவுக்கு நீங்க என்னா சார் பண்ணிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது லீவு கேட்க வருகிறவர்கள் கதவுக்கு வெளியிலேயே, துப்பட்டாவையோ முந்தானையையோ மூக்கில் வைத்துக்கொண்டு, இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். உள்ளே வந்து உட்கார யாரும் துணிவதில்லை. கடைசியில் தனக்குரிய மரியாதை வந்துவிட்டது என்று கோதண்டபாணி நினைத்துக்கொண்டிருக்கிறார்.