"லைன் சரியில்லைன்னு சொல்லிக்கலாம்"

போன ஐப்பசியில், ஸ்ரீரங்கத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது இது. நானும் என் கணவரும் தென்னூரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறோம். கூட்டங்களுக்குப் போய் எல்லாவற்றையும் பொருத்திக் கொடுப்பது என் வேலை.

அன்று கூப்பிட்டது ஒரு விதைக் கம்பெனி. அவர்களிடம் மக்காச்சோள விதை வாங்கிய மருங்காபுரிப் பக்கத்து விவசாயிகள் பலருக்கு முளைக்கவே இல்லை. அவர்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து போனில் கேள்வி கேட்பார்கள், கம்பெனி அதிகாரிகள் ஹாலில் இருந்து பதில் சொல்வார்கள் என்று ஏற்பாடு.

போனையும் ஹால் மைக்கையும் இணைக்க நடுவில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அங்கே பேசுவது இங்கே ஸ்பீக்கரில் கேட்கும், இங்கே மைக்கில் பேசுவது அங்கே போகும். இரண்டு பக்கமும் சத்தத்தை அளவாக வைக்காவிட்டால் பேசுகிறவர் குரலே அவருக்குத் திரும்பி வந்து இடிக்கும். அதனால் முன்கூட்டியே லைன் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது ஒரு விவசாயி அம்மா.

"ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருங்கம்மா" என்றேன்.

"எண்றது எதுக்குங்க? என் சோளக் காட்டைப் பத்தியே சொல்றேன், நீங்க பாட்டுக்குத் திருகிக்கங்க" என்று ஆரம்பித்தார். நல்ல மழை பெய்தும், தினமும் போய்க் குனிந்து குனிந்து பார்த்தும், ஒரு பச்சை தெரியவில்லையாம். கேட்டுக்கொண்டே பெட்டியின் குமிழைத் திருகியதில் எதிரொலி அடங்கி, குரல் பக்கத்தில் நின்று பேசுவது போல வந்தது. "கொஞ்சம் இருங்கம்மா" என்று நிமிர்ந்தேன்.

அப்போதுதான் கம்பெனி மேனேஜர் வந்தார். மேஜை மைக் பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். "அவங்க சத்தத்தைக் கம்மி பண்ணி வைங்கம்மா. லைன் சரியில்லைன்னு சொல்லிக்கலாம். கத்திட்டு அவங்களே போனை வெச்சிடுவாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு நேரம் பாடுபட்டது இதற்கா?

"லைன் நல்லா இருக்கு சார். மைக்கும் ஆன்லதான் இருக்கு. நீங்க சொன்னது அங்க போயிடுச்சு."

அவர் முகம் மாறுவதற்குள் ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் வந்தது. "கேட்டுச்சுங்க. இங்க இருக்க எல்லாருமே கேட்டோம்."

"கட் பண்ணுங்க" என்றார் மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாட்டேன் சார். வேணும்னா நீங்களே பண்ணிக்கங்க. ஏன் கட் ஆச்சுன்னு அவங்க கேப்பாங்க" என்றேன்.

அவர் கட் பண்ணவில்லை. கூட்டம் நடந்தது. முதலில் பேசியது அந்த அம்மாதான். "எங்க சத்தம் போதுமாங்க?" என்று கேட்டுவிட்டுத் தொடங்கினார். ஹாலில் ஒருவரும் தலை நிமிரவில்லை. அந்த வாரமே காடுகளைப் பார்க்க ஆள் அனுப்பினார்கள். மறு விதைப்புக்குப் புது விதையும் கொடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்களை மட்டும் அந்தக் கம்பெனி அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

அதைப் பற்றி வருத்தமில்லை. நாலு பேர் பேசுவது நாலு பேருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் ஒயர் இழுக்கிறேன். அதே கையால் இன்னொருத்தர் வாயை அடைக்கச் சொன்னாரே அந்த மேனேஜர், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறக்கூடாது என்றுதான் நினைக்கிறேன்.