விளக்குமாறு எரிந்த மதியம்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் யாரிடமும் வாதாடப் போவதில்லை. பேய் என்றால் இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. இது பட்டப்பகலில் நடந்தது. மதியம் 12.41-க்குத் தொடங்கி 1.06-க்கு முடிந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. வெறும் இருபத்தைந்து நிமிடம். அதன் பிறகு நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

எங்களுடையது சின்னத் தீவு. துறைமுகமும் அதற்கேற்ற அளவுதான். பெரிய கப்பல்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போகும். அவற்றை நிறுத்த ஒரே வழி, அவை குடிக்கும் எரிபொருளை இங்கே வைத்திருப்பது. கரும்புகை கக்கும் எண்ணெயை விட்டுவிட்டுக் கப்பல்கள் புதிய எரிபொருளுக்கு மாறத் தொடங்கிய நேரம் அது. குப்பையிலிருந்தும் மரக்கழிவிலிருந்தும் எடுக்கிற மெத்தனால். அதற்காக ஒரு பெரிய வெள்ளைத் தொட்டி கட்டினார்கள். கடலுக்குள் இருநூற்று நாற்பது மீட்டருக்கு ஒரு பாலம் போட்டார்கள். மாதம் இரண்டு கப்பல் வந்தால் போதும், எங்கள் பிள்ளைகள் வேலை தேடித் தீவை விட்டுப் போக வேண்டியதில்லை என்றார்கள். பதினான்கு மாதத்தில் மூன்று கப்பல் வந்தது.

எனக்குக் கண்ட்ரோல் ரூமில் வேலை. மாமாவுக்குப் பாலத்தின் நுனியில். மாமா என்றால் என் அக்காவின் கணவர். படகு எஞ்சின்களைப் பழுது பார்த்துக்கொண்டு, கையெல்லாம் டீசலோடு, யார் வம்புக்கும் போகாமல் இருந்த மனிதர். நான்தான் நச்சரித்து இங்கே சேர்த்துவிட்டேன். எதிர்காலம் இதில்தான் இருக்கிறது என்று சொன்னதாக ஞாபகம்.

மெத்தனாலில் ஒரு சங்கடம் உண்டு. அது வெயிலில் எரிந்தால் தீ கண்ணுக்குத் தெரியாது. புகையும் வராது. வெறும் காற்று மாதிரி இருக்கும். உள்ளே நடந்து போன பிறகுதான் தெரியும். சூட்டைக் காட்டும் கேமரா அடுத்த சரக்கோடு வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது வரும்வரை நீளக் காம்பு வைத்த விளக்குமாறுகளைக் கொடுத்திருந்தார்கள். அபாய மணி அடித்தால் அதை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்க வேண்டும். நுனி பற்றினால் அங்கே தீ இருக்கிறது. அதற்கு மேல் ஒரு அடி வைக்கக் கூடாது. சுவரில் பெரிதாக எழுதியிருந்தது: கண்ணை நம்பாதே. விளக்குமாற்றை நம்பு.

மாமாவுக்கு அது தீராத வேடிக்கை.

"உங்க அக்கா வெளக்கமாத்தக் கையில எடுத்தாலே நான் தெருவுக்கு ஓடுறவன். இங்க வந்தா அதைத்தான் நம்பணும்ங்கிற. நல்லா இருக்குடா மாப்ள."

அன்று மூன்று மணிக்கு நான்காவது கப்பல். வெளியே நங்கூரம் போட்டு நின்றது. இது நிரப்பிக்கொண்டு போனால் அதே கம்பெனியின் மற்ற கப்பல்களும் வரும் என்று பேச்சு. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கப்பலுக்கு எரிபொருள் ஏற்றும் ஹோஸைச் சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்று மாமா மட்டும் கிளம்பினார்.

"அரை மணி நேரத்துல வந்துருவேன். என் டப்பாவுல கை வெச்சிராத."

"அக்கா சமையல எவன் மாமா திருடுவான்?"

சிரித்துக்கொண்டே போனார்.

12.41. மணி அலறியது. பலகையில் பாலத்தின் நுனிக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டியின் வால்வை மூடினேன். வாக்கி-டாக்கியில் கூப்பிட்டேன். கரகரப்பு மட்டும் வந்தது. தீயணைப்பு நிலையம் தீவின் மறுபக்கம். வர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள்.

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பாலத்தில் இறங்கினேன்.

பாலத்தில் பன்னிரண்டு விளக்குக் கம்பங்கள். இருபது மீட்டருக்கு ஒன்று. ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் கைப்பிடிக் கம்பி, நடுவே ஒரு ஆள் போகிற வழி. விளக்குமாற்றை நீட்டி, இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்து, குருடன் மாதிரி நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

நான்காவது கம்பத்தில் மணி நின்றது. நான் நிறுத்தவில்லை. கண்ட்ரோல் ரூமில் வேறு யாரும் இல்லை.

ஆறாவது கம்பத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தேன். உச்சி வெயிலில் காய்ந்த இரும்பு. சில்லென்று இருந்தது.

எட்டாவது கம்பத்தில் அலைச் சத்தம் கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். கீழே அலை அடித்துக்கொண்டுதான் இருந்தது.

பத்தாவது கம்பத்தில் மாமா தெரிந்தார். கீழே கிடந்தார். கனத்த ஹோஸ் அவர் தொடைமேல் விழுந்து கிடந்தது. தரையில் ரத்தம். தலையைத் தூக்கினார்.

"மாப்ள..."

"மாமா! அங்க தீ இருக்கா?"

"இல்லடா... காலு... சீக்கிரம் வா..."

12.55. பதினோராவது கம்பத்தைத் தாண்டினேன். இன்னும் பதினெட்டு அடிதான். அவர் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது.

அப்போது விளக்குமாற்றின் நுனியில் ஒரு குச்சி சுருண்டது.

பிறகு இன்னொன்று.

தீ தெரியவில்லை. புகை இல்லை. சத்தமில்லை. குச்சிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன... சுருண்டன... காணாமல் போயின. எரிவது மாதிரி இல்லை. எதுவோ நிதானமாகத் தின்பது மாதிரி.

இரண்டடி பின்னால் வந்தேன்.

அதுவும் இரண்டடி வந்தது.

இடது பக்கம் நீட்டினேன். கறுத்தது. வலது பக்கம். அங்கேயும்.

"மாமா... சுடுதா?"

"சுடலடா... வாடா..."

இனி எழுதப் போவதை நான் விசாரணையில் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

இடது கையை முன்னால் நீட்டினேன்.

சூடு இல்லை.

துளிகூட இல்லை. விரல் நுனியில் ஈரமாக, குளிர்ச்சியாக எதுவோ பட்டது... விலகியது... திரும்பப் பட்டது. யாரோ மிக அருகில் நின்று மூச்சு விடுவது போல.

விளக்குமாறு காம்பு வரை போயிருந்தது.

கை சொன்னது, போ.

சுவரில் எழுதியிருந்தது வேறு.

நான் பின்வாங்கினேன்.

"மாப்ள..."

பத்தாவது கம்பம்.

"போகாதடா..."

திரும்பிப் பார்க்கவில்லை.

1.06. கரைக்கு வந்தேன். கையில் ஒரு முழம் கரிக்கட்டை.

1.09-க்கு வண்டி வந்தது. தீயணைப்பு அதிகாரியிடம் கட்டையைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒருத்தனும் பாலத்தில் கால் வைக்கக் கூடாது என்று கத்தினார். நுரை அடிக்கத் தொடங்கினார்கள். பாலத்தின் நுனிவரை அது எட்டவில்லை. நங்கூரத்தில் நின்ற கப்பலில் சூடு காட்டும் கேமரா இருந்தது. படகில் கொண்டு வந்தார்கள். 1.40 ஆகிவிட்டது. அதிகாரி கேமராவைக் கண்ணில் வைத்து நுனிவரை பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுப் பாலத்தில் ஓடினார்.

தீ இல்லை.

எப்போதுமே இருந்திருக்கவில்லை. ஒரு சொட்டு மெத்தனால்கூடக் கசியவில்லை. ஹோஸைத் தூக்கிப் பிடித்திருந்த கம்பி வடம் அறுந்தது. ஹோஸ் விழுந்த வேகத்தில் அபாய மணியின் பெட்டியை இடித்தது, மாமாவின் தொடையை நசுக்கியது. அவ்வளவுதான் நடந்தது என்று அறிக்கை சொல்கிறது. ஒன்றேகாலுக்குள் தொடைக்கு மேல் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். என் இடுப்பில் பெல்ட் இருந்தது. என் கரிக்கட்டையைப் பற்றி ஒரே ஒரு வரி. காரணம் தெரியவில்லை.

நான் விதிப்படி நடந்துகொண்டதாகவும் எழுதியிருக்கிறார்கள்.

அன்று மாலையே கப்பல் நங்கூரத்தைத் தூக்கிவிட்டது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. தொட்டி இன்றும் நிறைந்து நிற்கிறது. நிரப்பிக்கொள்ளவும் ஆளில்லை, காலி செய்யவும் ஆளில்லை. கண்ட்ரோல் ரூமில் இப்போது காவலுக்கு மட்டும் ஒருவர். என்னோடு வேலை பார்த்தவர்கள் குடும்பத்தோடு போய்விட்டார்கள்.

நான் போகவில்லை. அக்கா இங்கே இருக்கிறாள்.

பாலத்தின் கேமராப் பதிவைப் பார்க்க வேண்டும் என்று அக்கா ஏழு மாதம் அலைந்தாள். போன வாரம் கொடுத்தார்கள். அதில் ஒலி கிடையாது. அவள் வீட்டுச் சமையலறையில், போனைச் சுவரில் சாய்த்து வைத்து, இருவரும் பார்த்தோம். அவள் அழவில்லை.

12.57. திரையில் நான் நின்றுகொண்டிருக்கிறேன். விளக்குமாறு கையில். திடீரென்று பக்கவாட்டில் திரும்புகிறேன். முதுகைக் கைப்பிடிக் கம்பியோடு ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறேன். நான்கு நொடி. பிறகு பின்னால் நடக்கிறேன்.

அப்படி நின்றது எனக்கு ஞாபகமே இல்லை.

அதுவரை மாமா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நான்கு நொடிக்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவே ஓரிடத்தைப் பார்க்கிறார். அங்கே ஒன்றுமில்லை. வெயில் மட்டும். அவர் பார்வை அதிலிருந்து விலகவே இல்லை. மெல்ல... மெல்ல... கிட்டே வருகிறது. அவர் காலடி வரை வருகிறது. பிறகு அண்ணாந்து பார்க்கிறார். உதடு அசைகிறது.

தலையைத் தரையில் வைத்துக்கொள்கிறார்.

அக்கா பின்னால் ஓட்டினாள். நான் கம்பியோடு ஒட்டி நிற்கிற இடத்தில் நிறுத்தினாள். விரலால் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"யாருக்குடா வழி விட்ட?"