படுத்தவர் முதுகில் சுண்ணாம்புக் கோடு

நாகேந்திரம் சேர் முடிந்துபோன செய்தி ஆலைக் காவற்காரன் மணியத்தின் போனில் வந்தது. காலை நேரம். என் மனைவி பாக்கியம் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "சேர் போயிட்டாராம்" என்றேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"படுத்தோ, இருந்தோ?"

"கதிரையிலதானாம். விடியப் பாக்கேக்க தலை சரிஞ்சு கிடந்ததாம்."

"அப்ப கடைசி மட்டும் படுக்கேல்லை" என்றாள். மீன் தலையை வெட்டிப் பூனைக்கு எறிந்தாள்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி விளங்கும். விளங்காதவர்களுக்காகத்தான் ஆலைக்காரர் சங்கத்தில் என்னையும் நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லச் சங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிற ஒருவர் எழுதுகிறார். மற்றப் பக்கங்களில் சேரைப் பண்பாளர், பாசமிகு தந்தை என்றெல்லாம் போட்டிருப்பார்கள். இருக்கலாம். எனக்குத் தெரிந்த நாகேந்திரம் சேர் ஈவிரக்கமில்லாத மனிதர். பாக்கியம் அவரைத் திட்டாத வெள்ளிக்கிழமை இல்லை. அவள் இன்று உயிரோடு இருப்பதும் அவரால்தான். இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் சொல்வது பொய்யாகிவிடும்.

அக்கராயனிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் எங்கள் ஆலை. குடிதண்ணீரைச் சுத்தமாக்கும் குளோரின் வாயுவைச் சிலிண்டர்களில் நிரப்புகிற இடம். பக்கத்தில் ஐஸ் ஆலை, அதற்கப்பால் பற்றரிக்கு அமிலம் நிரப்பும் கொட்டில். பின்னால் சின்னக் குளமும் அதன் கட்டும். என் வீடு ஆலை வேலிக்கு அடுத்த காணி.

சேர் வருவதற்கு முன் நடந்த வாயுக் கசிவை முதலில் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரம் நிரப்புகிற குழாய் வெடித்தது. பெரிய சத்தம். முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் படுத்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. சண்டைக் காலத்து ஷெல்லடிக்குள் வாழ்ந்த வன்னிக்காரர் எங்களுக்கு அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. சத்தம் காதில் விழ முதல் உடம்பு மண்ணில் கிடக்கும். முகம் கீழே, கை காதில், வாய் கொஞ்சம் திறந்தபடி. சுப்பராகப் படுத்தார்கள். கெட்டிக்காரர் கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் உருண்டுபோய்ப் படுத்தார்கள். பாக்கியத்தின் தம்பி சின்னராசா கெட்டிக்காரன். மஞ்சளும் பச்சையும் கலந்த புகை நிலத்தோடு நிலமாக, பாய் விரிக்கிற மாதிரி வந்து, முதலில் கானுக்குள் இறங்கியது.

நானும் படுத்தேன். நான் அப்போது சிலிண்டர் ஏற்றிய லொறிக்கு மேல் நின்றேன், அதனால் லொறிக்கு மேல் படுத்தேன். எனக்கும் சின்னராசாவுக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

அரசாங்கம் ஆலைகளைப் பூட்டிவிடும் என்ற பயத்தில் முதலாளிமார் கூடி விபத்துத் தடுப்புக் குழு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தெற்கில் பெரிய ஆலைகளில் இருந்து இளைப்பாறிய நாகேந்திரம் சேரைக் காரியதரிசியாகக் கொண்டுவந்தார்கள். சின்னராசாவின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கூட முடியவில்லை. முதல் கூட்டத்தில் அவர் வணக்கம் சொல்லவில்லை, அனுதாபம் சொல்லவில்லை.

"நீங்கள் எல்லாரும் ஏன் படுத்தனீங்கள்?" என்றார்.

நான்தான் எழும்பினேன். "வெடி கேட்டால் படுக்காமல் என்ன சேர் செய்யிறது?"

"அது ஷெல் இல்லை, காஸ்."

"சத்தம் ஒண்டுதானே. சண்டை நேரம் சேர் எங்க இருந்தனீங்கள்?"

"கொழும்பில."

"அப்ப உங்களுக்கு விளங்காது."

"எனக்கு விளங்கத் தேவையில்லை, ஐயாத்துரை. ஷெல் மேலால வரும், படுத்தால் தப்பலாம். இது பள்ளம் தேடி வரும். உம்மட மச்சான் எங்க படுத்தாரோ அங்க தேடித்தான் வந்தது. நல்லாப் படுத்தார், அதால முதல் செத்தார்."

அன்று அவரை அடிக்க எழும்பியவர்களில் மணியமும் ஒருவன். நான் பிடித்து இருத்தினேன். ஏன் பிடித்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் சீனவெடி, திருவிழாவுக்குக் கொளுத்துகிற பட்டாசு. சொல்லாமல் கொள்ளாமல், சாப்பாட்டு நேரமோ சம்பள நேரமோ பாராமல், தகரக் கொட்டிலுக்குப் பின்னால் ஒன்றைக் கொளுத்திப் போடுவார். நாங்கள் கேட்டதும் விழுவோம். அவர் ஒரு வாளியில் கரைத்த சுண்ணாம்போடும் தூரிகையோடும் வந்து, படுத்துக் கிடக்கிறவன் முதுகில் நீளமாக ஒரு கோடு இழுப்பார். "நீர் செத்தாச்சு. நீரும் செத்தாச்சு." அந்தச் சட்டையோடுதான் அன்று முழுக்க வேலை, அந்தச் சட்டையோடுதான் வீட்டுக்கும் போக வேண்டும். கம்பத்தில் கட்டியிருக்கிற சிவப்புத் துணியைப் பார்த்து, அது பறக்கிற பக்கத்துக்குப் போகாமல், காற்றுக்குக் குறுக்காக நடந்து குளக்கட்டில் ஏறி நிற்கிறவனுக்குக் கோடு இல்லை.

பொதி கட்டுகிற ராசாத்தி, மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், கடைசிச் சண்டையில் எல்லாரையும் பறிகொடுத்தவள். ஒருநாள் வெடிக்கு விழுந்தவள் எழும்பவேயில்லை; நடுங்கிக்கொண்டு கிடந்தாள். சேர் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். கை கொடுக்கவில்லை. "காஸ் எண்டால் இப்ப உம்மட எட்டாம் நாள் செலவுக்கு மரக்கறி வாங்க ஆள் போயிருக்கும்" என்றார். அவள் முதுகிலும் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். அதையெல்லாம் பயிற்சி என்று சங்கத்தில் எழுதி வைத்திருப்பார்கள். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அது வேறு மாதிரித்தான் தெரிந்தது.

ஒரேயொரு நாள் அவரை எங்களுக்குப் பிடித்தது. ஐஸ் ஆலை முதலாளிதான் சங்கத் தலைவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு கூட்டத்துக்கு வந்து காரால் இறங்க, வெடி வெடித்தது. தலைவர் காருக்கு அடியில் போய்விட்டார். பின்பாகம் மட்டும் வெளியில். சேர் போய் அதில் கோடு போட்டார்.

"ஐசே, நான் சங்கத் தலைவர்!"

"ஓம், செத்த தலைவர். இண்டைக்குக் கூட்டத்தில புது ஆளைத் தெரிவு செய்யோணும்."

வயிறு நோகச் சிரித்தோம். ராசாத்தி கூடச் சிரித்தாள்.

வெடி மட்டும் வைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்க வேண்டாம். ஐஸ் ஆலைக்காரர் வந்து எங்கள் குழாய்களைப் பார்ப்பார்கள், நாங்கள் போய் அமிலக் கொட்டிலைப் பார்ப்போம். முதலாளிமாருக்கு அது பிடிக்கவில்லை. "எங்கட ஊத்தைய அடுத்தவன் கிண்டுறதோ?" என்றார்கள். "உங்கட ஆலை உங்களுக்கு மணக்காது. பக்கத்து ஆலைக்காரன்தான் மணந்து சொல்லோணும்" என்பார் சேர். மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு ஆலையும் அந்த மாதம் தப்பிப் பிழைத்த ஒரு ஆபத்தைச் சொல்ல வேண்டும். பிழை விட்டவன் எழும்பி நின்று, எல்லாருக்கும் முன்னால், தன் வாயால். "ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லுற ஆலைக்குத்தான் நான் முதல் வருவன்" என்பார். தேய்ந்த சங்கிலி, இறுகாத மூடி, குடிபோதையில் வந்த காவல், எல்லாம் அந்தக் கூட்டக் கதிரைகளுக்கு நடுவில் வெளிவந்தன. அவமானம்தான். ஆனால் சங்கிலி மாற்றப்பட்டது.

இனிப் பாக்கியத்தின் பங்கர், சண்டை நேரம் வெட்டிய பதுங்குகுழி. சண்டை முடிந்து காணிக்கு வந்த பிறகும் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பங்கரை மூட அவள் விடவில்லை. விறகு வைத்தாள், தேங்காய் வைத்தாள், இடி இடித்தால் தானும் உள்ளே போயிருந்தாள். காரணம் ஊருக்குத் தெரியும். சண்டையின் கடைசி நேரம் கடற்கரை மணலில் நாங்கள் படுத்துக் கிடந்தபோது, எங்கள் மகன் சுதன் தண்ணீர்ப் போத்தல் எடுக்க எழும்பினான். அவள் அவனைச் சட்டையில் பிடித்து இழுத்தாள். சட்டைத் துணி அவள் கையில் மிஞ்சியது.

வேலியோரத்து வீடுகளும் கசிவு நேரம் குளக்கட்டுக்கு வர வேண்டும் என்று சேர் வந்து சொன்னபோது அவள் கேட்டாள்: "கட்டில ஏறி நிண்டவன் எவன் உயிரோட இருந்தவன்? என்னைச் சாகச் சொல்லுறியளோ?"

"பங்கருக்குள்ள போனால்தான் அம்மா சாவியள். அது காஸுக்கு வெட்டின குழி."

"என்ர பிள்ளை எழும்பித்தான் செத்தவன்!"

"ஓம். அவர் எழும்பினதால செத்தார். நீங்கள் படுக்கிறதால சாகப்போறியள். ரெண்டு பேரும் மற்ற ஆளின்ர இடத்தில இருந்திருந்தால் தப்பியிருப்பியள்."

அவள் அவர் முகத்தில் துப்பினாள். அவர் துடைத்தார். நான் பக்கத்தில் நின்றேன்; அவரை அடிக்கவும் இல்லை, அவளைத் தடுக்கவும் இல்லை. அடுத்த கிழமை அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து உழவு இயந்திரத்தில் மண் கொண்டுவந்து, விறகும் தேங்காயும் உள்ளே கிடக்கக் கிடக்கப் பங்கரை மூடிவிட்டார். பாக்கியம் திரும்பி வந்து அந்த மண்ணுக்கு மேல் இருந்து ஒப்பாரி வைத்தாள். சுதனுக்குக் கூட அவளுக்கு ஒப்பாரி வைக்க நேரம் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்து வைத்தாள் போல.

இரண்டாவது கசிவு அந்த வருடமே வந்தது. தூக்கிய சிலிண்டர் நழுவி விழுந்து வால்வு முறிந்தது. வெடிச் சத்தம். நான் நின்றேன். எல்லாரும் நின்றார்கள். முழங்கால் மடியப் பார்த்தது, ஆனால் முதுகு சுண்ணாம்பை நினைத்துக்கொண்டது. சிவப்புத் துணி என் வீட்டுப் பக்கம் பறந்தது. நாங்கள் குறுக்காகப் போய்க் குளக்கட்டில் ஏறினோம். பாக்கியம் அங்கு இல்லை. கீழே புகை வேலியைக் கடந்து என் காணிக்குள் போய்க்கொண்டிருந்தது.

இறங்க வெளிக்கிட்ட என்னை மணியம் கட்டிப்பிடித்தான். அப்போதுதான் வாய்க்கால் வரம்பில் அவள் வந்தாள். நிமிர்ந்து, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நடந்து வந்தாள். குளக்கட்டில் ஏறியதும்தான் மூக்கிலிருந்து தலைப்பை எடுத்தாள்.

"பங்கருக்குத்தான் ஓடினனான்" என்றாள். "அந்த நாசமாப்போவான் மண்ணல்லே கொட்டி வச்சிருக்கிறான். வேற எங்க போறது? ஏறி வந்தனான்."

சேர் அவளைப் பார்த்தார். "ஆர் குறைவு?" என்று எங்களைக் கேட்டார். வெளி மாவட்டத்திலிருந்து முதல் நாள்தான் கூலிக்கு வந்த இரண்டு பேர் இல்லை. அவர்களுக்கு இன்னும் வெடி வைக்கப்படவில்லை. படுத்திருந்தார்கள். சேர் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனார். வரும்போது முகமூடி, இழுத்துவந்த ஆளின் முகத்தில் இருந்தது. மற்றவன் கானுக்குள் முடிந்துபோனான்.

சேர் ஆஸ்பத்திரியால் வந்த பிறகு நடந்த முதல் மாதக் கூட்டத்தில் இருமி இருமிச் சொன்னார்: "முகமூடியக் கழட்டினது பிழை. புதுசா வந்தவைக்குச் சொல்லிக் குடுக்காமல் வேலைக்கு விட்டது அதைவிடப் பிழை. எனக்குக் கோடு போடுங்கோ." வாளி பக்கத்தில் இருந்தது. அவரைக் கொல்ல வேண்டும் என்று ஒருகாலத்தில் சொன்னவர்கள்தான் எல்லோரும். ஒருவரும் தூரிகையைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு அவருக்குப் படுக்க முடியாமல் போயிற்று. சுவாசப்பை வெந்துவிட்டது. கிளிநொச்சியில் மகள் வீட்டில், இரவு பகல் கதிரையில் இருந்தபடிதான் நித்திரை. நான் போய்ப் பார்ப்பேன். "படுத்தால் குளத்துக்குள்ள தாழுற மாதிரிக் கிடக்கு, ஐயாத்துரை" என்பார். அதை வந்து சொன்னபோது பாக்கியம், "இப்ப விளங்கும்" என்றாள்.

கடைசியாகப் போனபோது கேட்டார்: "மனிசி இப்பவும் திட்டுறாவோ?"

"ஓம் சேர். விரதம் பிடிக்கிற வெள்ளிக்கிழமைகளில கூட."

"விடவேண்டாம் எண்டு சொல்லும். திட்டுற ஆள் படுக்காது."

செத்த வீட்டுக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் விடிய எழும்பிக் குளித்து, எனக்கு முதலே பஸ்ஸுக்கு நின்றாள். பெட்டிக்குள் சேர் படுத்திருந்தார். கதிரையிலேயே விறைத்துப்போனவரை நிமிர்த்தப் பெரும்பாடு பட்டார்களாம். முழங்காலுக்கு மேல் துணியால் கட்டியிருந்தது. அவரைப் படுத்தபடி நான் பார்த்தது அன்றுதான். பாக்கியம் அழவில்லை. வெற்றிலைப் பையை அவிழ்த்து, சுண்ணாம்பை விரலில் எடுத்து, அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் ஒரு கோடு இழுத்தாள்.

"என்னம்மா செய்யிறியள்?" என்று மகள் பதறினாள்.

"படுத்திட்டார் எல்லே, பிள்ளை" என்றாள் பாக்கியம். "அவர் கேட்டும் ஒருத்தரும் போடேல்லை. நான் போட்டிட்டன்."

மணியம் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். அழப் போனானோ சிரிக்கப் போனானோ, நான் கேட்கவில்லை.

பெட்டியைத் தூக்கியதும் வாசல் படலையில் வெடி கொளுத்தினார்கள். ஊர்ச் சனம் குனிந்தது, சிலர் மதிலோடு ஒட்டினார்கள். மூன்று ஆலைச் சனமும் நின்ற இடத்தில் நின்று தலையை நிமிர்த்தி, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தோம். பாக்கியமும் பார்த்தாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். வெடி கேட்டால் நான் நிற்கிறேன். நிற்க எனக்கு விருப்பமில்லை. என் உடம்பு எனக்குச் சொந்தமாக வைத்திருந்த ஒரேயொரு பாதுகாப்பை அவர் பறித்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, பங்கர் இருந்த மேட்டில் பாக்கியம் நட்ட கத்தரி பூத்திருந்தது. அவள் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். அன்று வெள்ளிக்கிழமை. அவரைத் திட்டிக்கொண்டேதான் ஊற்றினாள்.