அழகிப் போட்டிக்குக் கொடுத்த விலாசம்

என் பேத்தி எங்கள் வீட்டு வாசலில் குனிந்துதான் நுழைவாள். பதினாறு வயதிலேயே அப்படி. எங்கள் குடும்பத்தில் இந்த உயரம் யாருக்கும் கிடையாது. அவள் அப்பன், என் மகன், டாக்சி ஓட்டுகிறவன். அவன் உட்கார்ந்து ஓட்டினால் வண்டி தானாகப் போகிறதென்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். இவள் யாரைக் கொண்டு பிறந்தாளோ. நிறம் மட்டும் அசல் என்னுடையது. தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் இருக்கிறவர்கள், "ஏளா, கொடிக்கம்பம் வருது, வழி விடுங்க" என்பார்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே ஒரு நடை நடந்து காட்டுவாள். எனக்குச் சிரிப்பு அடங்காது. இப்போது சொல்லும்போதும் சிரிப்புதான் வருகிறது. ஆனால் சொல்ல வந்தது சிரிக்கிற சங்கதி இல்லை.

நாடு முழுக்கப் பெண்களைச் சலித்து ஒருத்தி தலையில் கிரீடம் வைக்கிறார்களே, அந்தப் போட்டிக்குப் போக வேண்டும் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது தடை வரும். ஒரு வருஷம் மஞ்சள் காமாலை. ஒரு வருஷம் அம்மாக்காரிக்கு ஆபரேஷன். இருபத்தைந்து வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்களாம். போன வருஷம் அவளுக்கு இருபத்தைந்து முடிய இருந்தது. அதுதான் கடைசி.

குதிகால் செருப்பு போட்டு நடந்து பழக பம்பாய் தாராவியில் எங்கள் சந்தில் இடமில்லை. சாக்கடை மூடியில் குதிகால் மாட்டிக்கொள்ளும். அதனால் நான் சமையல் செய்யும் மாட்டுங்கா வீட்டுக்கு அவளைக் கூட்டிப் போவேன். அங்கே மாமி ஒருத்திதான். எண்பத்தைந்து வயது. பிள்ளைகள் வெளிநாட்டில். கூடம் ரயில் பெட்டி மாதிரி நீளம். நான் உள்ளே குழம்புக்குப் புளி கரைப்பேன், கூடத்தில் டக் டக்கென்று சத்தம் கேட்கும், மாமி பிரம்பு நாற்காலியில் இருந்து அதட்டுவாள்.

"தோளை நிமித்திக்கோடி. கீழ பாக்காதே. தரையில என்ன கொட்டிக் கிடக்கு?"

மாமிக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்.

"உலகச் சண்டையெல்லாம் முடிஞ்சு, வெள்ளைக்காரனும் போன புதுசு. நேக்குப் பத்து வயசு இருக்கும். எதிர் பில்டிங் பொண்ணு ஒருத்தி இதே மாதிரி போட்டிக்குப் போனா. பேப்பர்ல போட்டோ வந்துடுத்து. நான் பாக்கப்படாதுன்னு எங்கப்பா அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டார்."

"அப்பம் நீங்க பாக்கவே இல்லையா மாமி?"

"அவருக்கு முன்னாடியே நான் பாத்தாச்சு."

"அந்தப் பொண்ணு ஜெயிச்சுதா?"

"யாரு கண்டா. அப்பறம் அந்தாத்துல ஜன்னலே திறக்கலை."

சொல்லிவிட்டுக் கீரையில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள்.

விண்ணப்பத்தைப் பேத்தி போனிலேயே நிரப்பினாள். எனக்கு எழுத்துத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். உயரம் போட்டாள், எடை போட்டாள், படிப்பு போட்டாள். விலாசம் வந்ததும் நான் கையைப் பிடித்தேன்.

"மாட்டுங்கான்னு போடு."

"ஆச்சி, தாராவின்னே போடுதேன். இப்பல்லாம் யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாவ."

"ஒனக்கென்னளா தெரியும். ஒங்கப்பன் மூணு ஆபீஸ்ல பியூன் வேலைக்குப் போனான். மூணு எடத்துலயும் வெலாசத்தைப் படிச்சதும் பேனாவ மூடி வச்சிட்டாவ."

இது நான் கண்டுபிடித்த புத்தி இல்லை. எங்கள் சந்தில் பாதிப் பேர் காகிதத்தில் வேறெங்கோதான் குடியிருக்கிறார்கள். என் ஆதார் அட்டையில் சயான். மகனுக்கு மாஹிம். தெரிந்தவர்கள் யாராவது, 'என் விலாசத்தைப் போட்டுக்கோ' என்றால் அது பெரிய உபகாரம் எங்களுக்கு. மாமியைக் கேட்டதும், "பேஷாப் போட்டுக்கட்டும், பெரியவா யாருன்னு கேட்டா பாட்டின்னு என் பேரையும் போடட்டும்" என்றாள். பேத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். போட்டாள்.

முதல் சுற்றில் எடுத்தார்கள். இரண்டாம் சுற்றிலும் எடுத்தார்கள். நான் கிங்ஸ் சர்க்கிளில் பூக்காரியிடம், காய்காரனிடம், பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களிடம் எல்லாம் சொன்னேன். ஒரு பெண், "எங்க இருக்கா உங்க பேத்தி?" என்று கேட்டாள். மாட்டுங்கா என்று சொல்லிவிட்டேன். வாய் பழகிப் போயிருந்தது.

அப்புறம் ஒருநாள் போன் வந்தது. அடுத்த சுற்றுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து கேமராவில் படம் பிடிப்பார்களாம். வீடு, குடும்பம், எப்படி வாழ்கிறாள் என்று எல்லாம் காட்டுவார்களாம்.

"ஆச்சி, இப்பமாச்சும் உள்ளதச் சொல்லிருதேன்" என்றாள்.

"ஒரு மத்தியானம்தானட்டி. அப்பா அம்மா ஊருக்குப் போயிருக்காவன்னு சொல்லு. மாமி பாத்துக்கிடுவா."

மாமி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். ஒரு பெண்ணும் கேமராக்காரர் இருவரும் வந்தார்கள். நான் காபி கொண்டுபோனேன். பேத்தி சோபாவில் மாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் டம்ளரை நீட்டியதும் அவள் எழுந்து தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வீட்டில் அப்படித்தான் வாங்குவாள், எனக்குக் கை நடுக்கம். வந்த பெண், இவர் யார் என்று ஹிந்தியில் கேட்டாள்.

வீட்டில் சமையல் பண்ணுகிறவள் என்று மாமி ஹிந்தியில் சொன்னாள்.

நான் தலையாட்டினேன். பேத்தி எல்லோருக்கும் காபியைக் கொடுத்துவிட்டுத் தட்டை என்னிடம் திருப்பித் தந்தாள்.

அந்தப் பெண் நல்ல மாதிரிதான். காபியைக் குடித்துவிட்டுக் கேமராக்காரர்களிடம் சலித்துக்கொண்டாள். எல்லாப் பெண்களும் இதே சோபாவில் இதே மாதிரி பாட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்களாம், காட்டுவதற்குக் கதையே இல்லையாம். தாராவியில் இருந்து ஒரு பெண் கிடைப்பாளா என்று மேலிடத்தில் கேட்டபடியே இருக்கிறார்களாம். எனக்குப் பம்பாய் ஹிந்தி நன்றாகப் புரியும். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"நான் தாராவிதான்" என்றாள் பேத்தி. "இவங்கதான் என் பாட்டி."

நான் சிரித்தேன், கடவுளே, எனக்கு சந்தோஷம்கூட வந்தது. அவர்கள் கேட்ட பெண் கிடைத்துவிட்டாளே, இனி நம் சந்துக்கே கேமரா வரும் என்று நினைத்தேன். அந்தப் பெண் முகத்தில் சந்தோஷம் இல்லை. நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாயே, சொன்னதெல்லாம் உண்மை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாயே, நான் பார்த்ததை மறைத்தால் என் வேலை போய்விடும் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

நாலாம் நாள் போட்டியிலிருந்து அவள் பேரை நீக்கிவிட்டார்கள்.

அவள் அழவில்லை. என்னைத் திட்டியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். செம்பூரில் ஒரு பெரிய கடையில் முகத்துக்குப் போடும் கிரீம் விற்கிற வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க நிற்க வேண்டும்.

எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு என்னுடையது என்று நேரில் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தேன். மாமியைக் கூட்டிக்கொண்டு டாக்சியில் அந்தப் போட்டி நடத்துகிறவர்கள் ஆபீசுக்குப் போனேன். மகன் வண்டியில் போகவில்லை, அவனுக்கு இது தெரியாது. வாசலில் காவலாளி பெயரைக் கேட்டான், உள்ளே போன் செய்தான், என் அட்டையை வாங்கிப் பார்த்தான்.

பெண்ணின் விலாசம் மாட்டுங்கா, உன்னுடையது சயான், நீ எப்படிப் பாட்டி என்றான். எழுதியிருக்கிற பாட்டி யாரோ அவர் மட்டும் போகலாம் என்றான். மாமியின் அட்டை சரியாக இருந்தது.

"நீ இங்கயே இரு, நான் சொல்றேன்" என்று மாமி தடியை ஊன்றி உள்ளே போனாள். நான் வாசல் படியில் உட்கார்ந்தேன். உயரமான பெண்கள் போனார்கள், வந்தார்கள். ஒருத்தியும் என் பேத்தி உயரம் இல்லை.

மாமி சீக்கிரமே வந்துவிட்டாள்.

"உக்காரச் சொன்னா. ஜலம் குடுத்தா. எல்லாத்தையும் கேட்டுண்டா. ரூல்னு சொல்லிட்டா."

"நான்தான் போடச் சொன்னேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேண்டி. என் பேத்திக்காக நான் பழியை யார் மேலயோ போடறேன்னு நெனச்சுட்டா."

டாக்சியில் திரும்பி வரும்போது பேத்தி போன் செய்தாள். அவளாகப் பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடையில் சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது, பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"ஆச்சி, எங்க இருக்க? வண்டிச் சத்தம் கேக்குது."

"மாட்டுங்காவுலதான்ளா. சமையல் இன்னும் முடியல."

"சரி" என்றாள். போனை வைத்துவிட்டாள். மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.