ஒத்த ஸ்க்ரூவின் இடுப்பு

கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்து, குப்புறப் படுத்தபடி, ஒத்த ஸ்க்ரூ ஒரு ஜோடி செருப்புடன் பேசிக்கொண்டிருந்தார். செருப்பு அவர் இடுப்புக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிப் பெண்ணுடையது. அவர் அங்கே வரத் தொடங்கி இது இரண்டாவது வாரம். அவள் முகத்தைவிட அவள் செருப்புதான் அவருக்கு நல்ல பழக்கம். இடது செருப்பில் வார் பிரிந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, "நாலு தையல் போட்டா போதும்மா, இப்படியே விட்டா நடுரோட்டுல மானத்த வாங்கிடும்" என்று ஓட்டை வழியாக எச்சரித்தார்.

அவள் அவர் இடுப்பில் நான்கு ரப்பர் அட்டைகளை ஒட்டி, கரண்ட் மெஷினின் குமிழைத் திருகினாள். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டாள். ஊர்கிறது, ஆனால் வலது பக்கத்து எறும்புகள் கொஞ்சம் சோம்பேறிகள் என்றார்.

அவர் தையல் மெஷின் ரிப்பேர்காரர். வயது அறுபத்தொன்று. ஒரு தோல் பை, காதுமடலில் பென்சில் போலச் செருகிய குட்டி ஸ்க்ரூடிரைவர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணித் துண்டு. இவ்வளவுதான் ஆள். நாற்பது மெஷின்கள் ஒரே நேரத்தில் கத்துகிற கம்பெனிக்குள் நுழைந்து, வாசலில் நின்றபடியே மூன்றாவது வரிசையில் ஐந்தாவதுக்கு இருமல் என்று சொல்லிவிடுவார். வியாதியைக் கண்டுபிடிப்பதில் மின்னல். வைத்தியத்தில் மட்டும் ஆமை. ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புவார். துணித் துண்டில் ஒரு சாண் தைத்துப் பார்ப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தையலை முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்ப்பார். பிறகுதான் அடுத்த ஸ்க்ரூ. மெஷினுக்காகக் காத்திருக்கும் பெண்கள், "அண்ணே, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடுமா, இல்ல நாங்க ரிட்டயர் ஆயிட்டு வரட்டுமா?" என்பார்கள்.

"ரெண்டு ஸ்க்ரூவ ஒண்ணா திருப்புறவன் மெக்கானிக் இல்லம்மா, ஜோசியக்காரன்" என்பார் அவர், தலையை நிமிர்த்தாமல். பட்டப்பெயர் வந்த வழி இதுதான்.

முப்பத்தைந்து வருஷமாக இரும்பு மெஷின்களைத் தலை தலையாகத் தூக்கி இறக்கியவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் தரையில் கிடந்த ஓர் ஊசியை எடுக்கக் குனிந்து, அப்படியே மடங்கிப்போனார். விழுந்ததுதான் விழுந்தார், நாள் பார்த்து விழுந்திருக்கலாம். வெளிநாட்டிலிருந்து மகள் முதன்முதலாகக் குழந்தையோடு வந்து இறங்கிய நாள் அது. ஆறு மாதப் பேத்தியை அவரால் தூக்க முடியவில்லை. பாயில் மல்லாந்து கிடந்தவருக்குப் பக்கத்தில் குழந்தையையும் மல்லாத்திப் போட்டார்கள். ஒரே பஸ்ஸுக்குக் காத்திருக்கிற இரண்டு பேர் மாதிரி தாத்தாவும் பேத்தியும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். பத்து நாளில் லீவு முடிந்து அவர்கள் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு வலி விருந்தாளி மாதிரி வருவதும் போவதுமாக இருந்தது. பேத்தி போனில் வளர்ந்தாள். பேச்சு வந்ததும் முதல் வேலையாகத் திரைக்குள்ளிருந்து இரண்டு கையையும் நீட்டி, "தாத்தா, தூக்கு" என்றாள். இப்போது ஏழு வாரத்தில் நேரில் வருகிறாள் என்று சேதி வந்ததும், அதுவரை எந்த ஆஸ்பத்திரிப் பக்கமும் தலைவைத்துப் படுக்காதவர், மறுநாள் காலை எட்டு மணிக்கு டாக்டர் வீட்டு வாசலில் நின்றார். டாக்டர் அமுக்கிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, எலும்பும் நரம்பும் நன்றாகவே இருக்கின்றன, குனிகிற நிமிர்கிற விதத்தில்தான் கோளாறு, பிசியோதெரபிக்குப் போங்கள் என்றார். பார்ட்ஸ் எல்லாம் ஓகே, செட்டிங் மட்டும் மாறியிருக்கிறது என்று மனைவியிடம் வந்து இவர் மொழிபெயர்த்தார்.

பிசியோதெரபி அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. அதில் உட்கார்கிறவர்கள் எல்லாரும் கோணலாக உட்கார்வார்கள், பேச்சு மட்டும் நேராக வரும். பஸ் டிரைவர் ஒருவர் சூட்டு ஒத்தடத்தின் கட்சி. பாங்கில் வேலை பார்க்கும் அம்மாள் பெல்ட் கட்டி இழுக்கிற வைத்தியத்தின் கட்சி. இழுத்து விட்டதில் தான் அரை அங்குலம் வளர்ந்துவிட்டதாக அவர் சத்தியம் செய்தார். ஹோட்டல் சமையல்காரர் கரண்ட் கட்சி. பயிற்சிக்கு மட்டும் அந்தப் பெஞ்சில் கட்சியே கிடையாது. ஏனென்றால் யாரும் அதைச் செய்து பார்த்ததில்லை.

நாலையும் சேர்த்தே தருகிறேன் என்றுதான் அந்தப் பெண்ணும் முதலில் சொன்னாள். ஒத்த ஸ்க்ரூ ஒப்புக்கொள்ளவில்லை.

"நாலு ஸ்க்ரூவையும் ஒண்ணா திருப்பிட்டா, எது சரி பண்ணுச்சுன்னு எப்படிம்மா தெரியும்?"

வெளியே ஒன்பது பேர் கோணலாகக் காத்திருந்தார்கள். சரி, வாரத்துக்கு ஒன்று, ஆனால் வீட்டில் பயிற்சி மட்டும் தினமும் கட்டாயம் என்றாள். தலையாட்டினார். தலை மட்டும்தான் ஆடியது. பயிற்சிக்கு அவர் கணக்கில் நாலாவது வாரம்.

வைத்தியம் தொடங்கினால் போதுமா, தைத்துப் பார்க்க வேண்டாமா? வீட்டு மூலையில் உடம்பில்லாத ஒரு பழைய மெஷின் தலை கிடந்தது. மகளிடம் போன் போட்டுக் குழந்தையின் எடையைக் கேட்டார். பதின்மூன்று கிலோ. மெஷின் தலையைத் தராசில் ஏற்றினார். பன்னிரண்டரை. இடுக்கியையும் ஒரு டப்பா பாபினையும் கயிற்றால் கட்டிப் பதின்மூன்று ஆக்கினார். தினமும் சாயங்காலம் அலமாரியில் இருக்கிற அலாரம் கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அந்த இரும்புத் தலையைத் தரையிலிருந்து தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார். இடுப்பு கடிக்கிற நொடியில் இறக்குவார். பிறகு மனைவியின் மெஷினில் உட்கார்ந்து, தாங்கிய ஒவ்வொரு நொடிக்கும் ஒரு தையல் என்று வெள்ளைத் துணியில் ஒரு கோடு போடுவார். ஒத்தடத்துக்குச் சிவப்பு நூல், கரண்டுக்கு நீலம், இழுவைக்குப் பச்சை, பயிற்சிக்கு மஞ்சள்.

மனைவி இதையெல்லாம் அடுப்படி வாசலிலிருந்து பார்ப்பாள். சாயங்காலமானால், "உங்க இரும்புப் பேத்தி அழறா, போய்த் தூக்குங்க" என்பாள். ஒரு நாள் போனில் மகள், குழந்தை கால் கிலோ ஏறிவிட்டாள் என்றாள். போனை வைத்த கையோடு இவர் இன்னும் ஒரு டப்பா பாபினைக் கட்டினார். "பால் குடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள் மனைவி.

நாலு வாரம் முடிந்தது. துணியை மடியில் விரித்துப் பார்த்தார். சிவப்பு ஒரு சாண். நீலம் ஒரு சாண். பச்சை ஒரு சாண். மஞ்சள் ஒரு சாணுக்கு இரண்டு தையல் கம்மி. முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் ஒரே மாதிரி தைக்கிற மெஷினை அவர் பார்த்ததே இல்லை. அன்று ராச்சாப்பாடு இறங்கவில்லை. வருகிறவளை மறுபடியும் பாயில் பக்கத்தில் படுக்கவைத்துக் கூரையைக் காட்ட வேண்டியதுதானா?

மறுநாள் துணியை எடுத்துக்கொண்டு போனார். படுக்க மறுத்து நின்றார். அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தார். செருப்பைவிடச் சின்ன வயசாகத் தெரிந்தாள். அவள் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முதலில் ரசித்தாள். எப்படி அளந்தீர்கள் என்று பிறகு கேட்டாள். இவர் பெருமையாக, இடுக்கி பாபின் சகிதம் விளக்கினார். எப்படித் தூக்கினீர்கள் என்று கேட்டதற்கு, முழங்காலை விறைத்துக்கொண்டு இடுப்போடு குனிந்தும் காட்டினார். அவள் முகத்திலிருந்த சிரிப்பு ஒவ்வொரு தையலாகப் பிரிந்தது.

"தினமுமாய்யா?"

"ஒரு நாள் தவறல."

"புண்ணு ஆறிடுச்சான்னு தினமும் சுரண்டிப் பாத்தா, அது எங்கய்யா ஆறும்? காலைல நான் சரி பண்றத சாயங்காலம் நீங்க கெடுத்திருக்கீங்க. இருபத்தெட்டு நாளும்."

அவர் பதில் பேச வாயைத் திறந்தார். கண் துணிக்குப் போனது. கோடுகள் பிரியாமலிருக்க ஒவ்வொரு முடிவிலும் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் குத்தியிருந்தார். அந்த இடமெல்லாம் துணி நைந்து, வெளிச்சம் தெரிந்தது. புதிதாகத் தைக்கப் பழகும் பெண்களை அவர் திட்டுவதே இதற்குத்தான்.

"அப்ப நாலுல எதும்மா நல்லது?"

"சூடும் கரண்டும் கொஞ்ச நேரம் வலியைத் தணிக்கும். இழுத்துவிட்டா சிலருக்கு இதமா இருக்கும். மிச்சம் நீங்க நடக்கணும், பயிற்சி செய்யணும், முழங்கால மடக்கித் தூக்கப் பழகணும். எல்லாத்தையும் சேத்துச் செய்யுங்க. தூக்கிப் பாக்காதீங்க."

"தூக்கிப் பாக்காம சரியாயிடுச்சான்னு எப்படித் தெரியும்?"

"பேத்திய தூக்கும்போது தெரியும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் தெரியாது."

மெக்கானிக்கைப் பார்த்து இதைவிடக் கெட்ட வார்த்தை சொல்ல முடியாது. பாயைப் போட்டுப் பயிற்சிகளைச் செய்து காட்ட அவள் செருப்பைக் கழற்றினாள். அவள் பூனை போல முதுகை வளைத்து நிமிர்கிற நேரத்தில், இவர் பையிலிருந்து ஊசியை எடுத்து அந்த வாருக்கு நாலு தையல் போட்டார். உருப்படியாக ஒன்றாவது அன்றைக்குச் சரியாகட்டும் என்று நினைத்திருக்கலாம்.

மிச்சமிருந்த மூன்று வாரம் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. மனைவி பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இரும்புப் பேத்தியைப் பரணில் ஏற்றிவிட்டாள். காலையில் நடந்தார். கூடத்தில் நாலு காலில் நின்று பூனையானார். "பூனைக்குக் கண்ணாடி எதுக்கு, கழட்டி வைங்க" என்றாள் மனைவி, அவருக்குப் பக்கத்தில் தலையணையை நகர்த்திப் போட்டபடி. வலி குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் கை தானாக எதையாவது தேடும். அலாரம் கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்புவார், கையில் ஒன்றும் இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மகளும் பேத்தியும் வந்துவிட்டார்கள். போனில் கழுத்துவரைதான் இருந்தவளுக்கு இப்போது கால்களும் இருந்தன. அந்தக் கால்கள் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. மகள் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அப்பா, தூக்கியே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. உக்காருங்க, மடியில விடறேன்."

அவர் உட்காரவில்லை. அம்மாவின் முழங்காலுக்குப் பின்னாலிருந்து ஒரு கண் அவரை மேலும் கீழும் அளந்தது. காதில் இருந்த ஸ்க்ரூடிரைவரில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இரண்டு கைகள் வெளியே நீண்டன.

"தாத்தா, தூக்கு."

முழங்காலை மடக்கினார். இடுப்பை நேராக வைத்தார். பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு, மூச்சை விட்டு, எழுந்தார். இரும்பு அசையாது, இது அசைந்தது. வயிற்றில் உதைத்தது, ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கியது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியது. மனைவியின் கைகள் பாதி நீண்டு அந்தரத்தில் நின்றன. பழக்கதோஷம், அவர் உதடு முணுமுணுவென்று எண்ணத் தொடங்கியிருந்தது. கண் அலமாரிக்குப் போய்விட்டது.

பதினேழில் உதடு நின்றது. அலமாரி வரை நடந்து போனார். பேத்தியை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அந்தக் கடிகாரத்தைக் குப்புறப் படுக்க வைத்தார்.